எந்தக் காலுக்கு எந்த நம்பர்

காலாப்பட்டு பஸ்ஸில் கீழே விழுந்த டிக்கெட்டை எடுக்கக் குனிந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இறால் கம்பெனியில் வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக ஏறியிருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவர்கள் கைகளைத் தினமும் பார்த்திருக்கிறேன். கால்களை அன்றுதான் பார்த்தேன். வரிசையாக ஊதாக் கால்கள். விரலிடுக்கெல்லாம் ஊதா மருந்து அப்பிக் காய்ந்திருந்தது. அது எங்கள் ஆஸ்பத்திரி ஊதா. வேறெங்கும் அவ்வளவு தாராளமாகப் பூச மாட்டார்கள்.

அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியின் மாதாந்திர நோய்க் கணக்கை டைப் அடித்து அனுப்பியிருந்தேன். அதில் 'பாதத்தில் பூஞ்சைத் தொற்று' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு கிழித்திருந்தேன். கோடு என்றால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். எங்கள் கணக்கை நம்பினால் புதுச்சேரியில் யாருக்கும் கால் கிடையாது. இந்த ஊருக்கு நான் கால் கொடுத்தே தீருவேன் என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். இருபத்து மூன்று வயதில் முடிவுகள் அப்படித்தான் வரும், டிக்கெட் எடுக்கிற நேரத்தில்.

இப்போது எங்கள் பிரிவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நோயின் எண்ணோடு வலப்பக்கமா இடப்பக்கமா என்றும் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறதாம். போன மாதம் ஒரு பெண் போனில் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல வலது இடதெல்லாம் பாத்தீங்களா?" ஒரே ஒரு தடவை பார்த்தோம் என்றேன். "அதை எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். எழுதுகிறேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். டாக்டர் சீட்டில் எழுதுகிற நோய்ப் பெயரை நாங்கள் எண்ணாக மாற்றுவோம். அதற்கு ஜெனீவாவில் தயாராகி வந்த இரண்டு தடித்த புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் நோய்கள் அகரவரிசையில் இருக்கும். பெயரைத் தேடினால் எண் கிடைக்கும். கிடைத்த எண்ணை அப்படியே எழுதிவிடக் கூடாது. இன்னொரு புத்தகத்தில் அந்த எண்ணுக்குப் போய், அதன் கீழே 'இது சேரும், இது சேராது' என்று பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்துவிட்டு, பிறகுதான் சீட்டின் மூலையில் பென்சிலால் எழுத வேண்டும். தோலில் வரும் பூஞ்சைக்கு 110. அதன் பின்னால் ஒரு புள்ளி வைத்து இன்னொரு இலக்கம், நகமா, கையா, தொடை இடுக்கா, பாதமா என்று சொல்ல. பாதத்துக்கு 4. இடம் தெரியாவிட்டால் 9. காலங்காலமாகப் பெண்களுக்கு அழகென்று புகழப்பட்ட தேமலும் அடுத்த பக்கத்தில் பூஞ்சையாகத்தான் இருந்தது. அதைப் படித்த வாரம் என் தோழியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அவள் கன்னத்துத் தேமலை ரசித்ததாகச் சொன்னாள். நான் வாழ்த்துச் சொன்னேன்.

விலங்கியலில் ஒரு பட்டம், வெளியூரில் சில மாதப் பயிற்சி, எழுபதுகளின் கடைசியில் வேலை. புத்தகத்தின் ஒன்பதாம் திருத்தமும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அந்த அறைக்குள் நுழைந்தோம். இருவரையும் எங்கள் அதிகாரி முசே லெயோன் ஒரே மாதிரி சந்தேகத்தோடு பார்த்தார்.

அவரை யாரும் சார் என்று சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரி முழுவதற்கும் அவர் முசேதான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அன்று முழுக்க அந்தக் கோட்டு ஆணியில் இருந்தபடி எங்களை மேற்பார்வை பார்க்கும். பிறகு சிவப்பும் நீலமுமாக இரண்டு முனை உள்ள பென்சிலை இரண்டு பக்கமும் சீவுவார். சீவி முடிக்கும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது. அதற்கப்புறம் ஒவ்வொரு சீட்டாகக் கையை நீட்டிப் பிடித்து, மாதா கோயிலில் வேதாகமம் வாசிப்பதுபோல உரக்க வாசிப்பார்.

"பங்கல் இன்பெக்‌ஷன்." கொஞ்சம் நிறுத்துவார். "எங்கன்னு எழுதல. நெஃப்."

நெஃப் என்றால் பிரெஞ்சில் ஒன்பது. 110.9. தோல் டாக்டர்கள் இடத்தை எழுதுவதே இல்லை, அதனால் வந்ததெல்லாம் நெஃப். ஒன்பது அவருக்கு எண் மட்டுமல்ல, ஒரு வாழ்க்கை முறை.

"டாக்டரைக் கேட்டு வரட்டுமா முசே?" என்பேன்.

"எதுக்கு மத்முவாசேல்? ஒம்போது யாரையும் தொந்தரவு பண்ணாது." மத்முவாசேல் என்றால் கல்யாணமாகாத பெண், அதாவது நான். சீலைக் குத்துவார். "சே ஃபினி." முடிந்தது என்று அர்த்தம். அவர் வாயில் அது எப்போதும் முடிந்தே இருக்கும்.

டாக்டர் எழுத மாட்டார், முசே கேட்கவும் விடமாட்டார் என்றால், எழுதாமலேயே இடம் தெரிய வேண்டும். பஸ்ஸில் வந்த யோசனை அதுதான்: ஒரு ரப்பர் ஸ்டாம்ப். மனித உருவம். சீட்டில் குத்திக் கொடுத்தால் டாக்டர் நோய் இருக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். ஸ்டாம்ப் கடைக்காரரிடம் போனேன்.

"மனுசனா? சட்டை போட்டு வேணுமா?"

"சட்டை வேணாம்."

"அப்ப ஆம்பளையா, பொம்பளையா?"

"ரெண்டும் இல்லாம பண்ணிக் குடுங்க."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "நீங்க எந்த ஆபீசும்மா?"

"பாதம் மட்டும் பெரிசா இருக்கணும்" என்று நான் சேர்த்துச் சொன்னதும் அவர் முன்பணத்துக்குக் கையை நீட்டினார். வந்த உருவம், அச்சில் அமுக்கிய மாவுப் பொம்மைக்கு யானைக்கால் வந்ததுபோல் இருந்தது. முசே அதைப் பார்த்துவிட்டு, "இது என்னா, பிஸ்கோத்தா?" என்று கேட்டார். தோல் டாக்டர் சுலோச்சனாவுக்கு மட்டும் பிடித்துவிட்டது. வேகமானவர், எழுதுவதைவிடக் குறி போடுவது அவருக்கு லேசு. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்களோ அத்தனை பேருக்கும் குறி விழுந்தது. பெரும்பாலும் பாதத்தில் விழுந்தது. அதில் பாதத்தின் அளவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

அடுத்த மாதக் கணக்கில் 110.4 கட்டம் நிரம்பி வழிந்தது. அதற்கடுத்த மாதம் சுகாதார இலாகாவிலிருந்து போன் வந்தது: உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கால்களில் ஏதாவது கொள்ளை நோய் பரவுகிறதா? ரப்பர் ஸ்டாம்பால் ஒரு தொற்றுநோயை உண்டாக்கிய பெருமை, எனக்குத் தெரிந்து, எனக்கு மட்டும்தான். நேற்றுவரை 9 ஆக இருந்ததுதான் இன்று 4 ஆகியிருக்கிறது, நோய் பெருகவில்லை, கணக்குதான் திருந்தியிருக்கிறது என்று நானே போனை வாங்கி விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டுவிட்டு ஜீப்பை அனுப்பினார்கள். என் விளக்கத்துக்கு ஜீப் தேவைப்படவில்லை. கொள்ளை நோய்க்குத் தேவைப்பட்டது. இலாகாவில் ஒரு ஜீப் சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஜீப் நேராக அந்த இறால் கம்பெனிக்குப் போனது, கால்களில் பாதி அங்கிருந்து வந்தவை என்பதால். வெளிநாட்டுக்குப் போகிற இறால். தொற்று உள்ளவர்கள் குணமாகிச் சான்றிதழ் வாங்கி வரும்வரை இறால் உரிக்கும் மேசையில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரி வழக்கப்படி எந்தச் சான்றிதழும் எங்கள் அறைக்கு வந்து, நோயின் எண்ணும் சீலும் வாங்கித்தான் வெளியே போகும். ஆகவே கம்பெனி மேனேஜருக்கு மருத்துவம் தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. 110 என்று இருந்தால் வெளியே. வேறு எதுவாக இருந்தாலும் உள்ளே.

இரண்டு நாள் கழித்து எங்கள் அறை வாசலில் ஒரு குரல் கேட்டது. "இங்க நம்பர் போடற பொண்ணு யாரு?"

அஞ்சலையக்கா. காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பம். நாற்பது வயதிருக்கும். அப்போது எனக்குப் பெயர் தெரியாது, பஸ்ஸில் பார்த்த முகம் என்பது மட்டும் தெரிந்தது.

"நாந்தாங்க்கா."

"நீயா? சன்னலோரம் குந்திக்கினு வருவியே, அந்தப் புள்ளையா? மூஞ்சப் பாத்தா நல்ல புள்ளயாட்டம் இருக்கற. ஏன்டி இப்பிடிப் பண்ணுன? நான் பஸ்ஸுல ஏறுனா, நூத்திப்பத்து வருது, நவுந்து நில்லுங்கடின்றாளுங்க. சேத்துப்புண்ணு ஒரு நோவா? மழை பேஞ்சா கவர்னருக்கே வரும்."

"அக்கா, அது தொத்து நோய்தான், புத்தகத்துல..."

"எங்க தொத்துது? நான் என்னா காலால எறா உரிக்கறனா?"

நான் புத்தகத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

உட்காரவைத்துக் கேட்டேன். அந்தக் கம்பெனியில் எடைக்குத்தான் கூலி. மேசையின் தலைப்பில் நிற்பவளுக்குப் பெரிய இறால் முதலில் வரும். எடை சீக்கிரம் ஏறும். கடைசியில் நிற்பவளுக்குப் பொடி. தலைப்பு இடத்துக்கு அஞ்சலையக்கா பல வருடம் நின்று நகர்ந்து வந்திருந்தாள். கொஞ்ச நாள் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவள் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுவாள். திரும்பி வந்தால் கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம், யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வார முடிவுக்குள் சான்றிதழ் வேண்டும்.

"உங்கிட்ட ரப்பர் இருக்குதுல்ல?" என்றாள். "அழிச்சிடு."

முசே சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "அழிக்க முடியாதும்மா. டாக்டர் எழுதனதுதான் நம்பர்."

"அப்ப டாக்டர மாத்தி எழுதச் சொல்லு."

"டாக்டர் பாக்கறதத்தான் எழுதுவாங்க."

"எங்க பாத்தாங்க? ஸ்டூல்ல உக்காந்தேன், கீழ ஒரு தரம் பாத்தாங்க, சீட்டுல இருக்கற பிஸ்கோத்து பொம்ம மேல ஒரு குறி போட்டாங்க. அவ்ளோதான். என் கால ஒருத்தரும் கையில எடுத்துப் பாத்ததில்ல."

அவள் சொன்னது உண்மைதான். என்னுடைய ஸ்டாம்ப் வந்ததிலிருந்து டாக்டரின் வேகம் கூடியிருந்தது. நான் அஞ்சலையக்காவை அழைத்துக்கொண்டு டாக்டர் சுலோச்சனாவிடம் ஓடினேன்.

டாக்டர் விளக்கை இழுத்து வைத்து, இரண்டு பாதங்களையும் தனித்தனியாகத் துணியில் வைத்தார். மழுங்கிய கத்தியால் இடது கால் விரலிடுக்கில் வெள்ளையாக ஊறியிருந்த தோலைச் சுரண்டி ஒரு கண்ணாடிச் சில்லில் போட்டார். வலது காலில் சுரண்டியது இன்னொரு சில்லில். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுக் காரக் கரைசல், லேசாகச் சூடு, தோல் கரையும்வரை காத்திருப்பு. பிறகு மைக்ராஸ்கோப். இடது காலைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளை விட்டு ஓடும் மெல்லிய இழைகள். அசல் பூஞ்சை. வலது கால் சில்லை ரொம்ப நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஒன்றுமில்லை.

ஆனால் வலது கால்தான் பார்க்க மோசமாக இருந்தது. செக்கச்செவேலென்று வெந்ததுபோல் இருந்தது.

"எங்க நிப்பீங்க வேலை செய்யும்போது?"

"மேசைத் தலப்புல. வலது பக்கம் காவா ஓடுது டாக்டரம்மா. எறா கழுவுன குளோரின் தண்ணி பூரா அதுலதான் வுழும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "இந்தக் கால்ல பூஞ்சை பொழைக்கக்கூட முடியல. தண்ணியே அதக் கொன்னுட்டு, தோலையும் சேத்துத் தின்னுட்டிருக்கு." சீட்டில் எழுதினார்: இடது பாதம், பூஞ்சை. வலது பாதம், ஏதோ பட்டதால் வந்த தோல் அழற்சி. இரண்டுக்கும் களிம்பு.

சந்தோஷமாகச் சீட்டை முசேயிடம் நீட்டினேன். நீட்டிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. ஒரு ஆளுக்கு, ஒரு வருகைக்கு, ஒரே எண்தான். இடது கால் 110. அது தொற்றுநோய்ப் பகுதியில் இருக்கிறது. வலது கால் 692, தோல் நோய்ப் பகுதி, யாருக்கும் தொற்றாது. இடது காலைப் போட்டால் அஞ்சலையக்காவின் இடம் போயிற்று. வலது காலைப் போட்டால் நிலைத்தது. ஒரே உடம்பு.

"எது முக்கிய நோய்?" என்று முசே கேட்டார். டாக்டரிடம் ஓடினேன். "ரெண்டும் மோசம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்ப ஓடிவந்தேன்.

முசே பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். அஞ்சலையக்கா என்னவோ கேட்க வாயெடுத்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். சிவப்பு முனை முடிந்தது. நீல முனையும் முடிந்தது. புத்தகத்தை எடுத்து, விதிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்து உரக்க வாசித்தார். எது முக்கியம் என்று டாக்டர் சொல்லாவிட்டால், நோயாளி எதற்காக வந்தாரோ அதுவே முக்கியம் என்பது சாரம். புத்தகத்தை மூடினார்.

"எந்தக் காலுக்காக வந்தீங்க?"

"ரெண்டு காலாலயும் நடந்துதான் வந்தேன்."

"அது சரி. ஆஸ்பத்திரிக்குள்ள எந்தக் கால மொதல்ல வச்சீங்க?"

அஞ்சலையக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "என்னா கேக்கற நீ? காரியமா ஒரு எடத்துக்குப் போறப்ப இடது கால வச்சா உள்ள வருவாங்க? எங்காயி அப்பன் அப்பிடியா வளத்தாங்க?"

"வலது" என்றார் முசே. 692.9 என்று நிதானமாக எழுதினார். சீலைக் குத்தினார். "சே ஃபினி."

"முசே, இடது கால்?" என்றேன்.

"அது இன்னும் வெளியதான் நிக்குது மத்முவாசேல்."

அஞ்சலையக்காவுக்கு இடம் கிடைத்தது. நாங்கள் செய்தது சரியா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு காலுக்கும் மருந்து போனது, இறாலை யாரும் காலால் உரிப்பதில்லை. செய்தி பரவ எத்தனை நேரமாகும்? மறுவாரம் எங்கள் வாசல்படியில் பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்று, புடவையைச் சற்றுத் தூக்கி, எல்லோரும் பார்க்கும்படி வலது காலை எடுத்து வைத்து வந்தார்கள். டாக்டர் எல்லோர் காலையும் சுரண்டிப் பார்த்தார். கால்வாய் ஓரம் நிற்பவர்களுக்கு வெந்த கால். மற்றவர்களுக்கு அசல் பூஞ்சை. அவர்கள் எந்தக் காலை வைத்து வந்தாலும் 110தான். அவர்களில் சிலர் குணமாகித் திரும்பியபோது மேசையின் கடைசியில்தான் இடம் இருந்தது.

இங்கே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. முசே நிறுத்திவிட்டார். எனக்கு அந்த 692-க்குப் பின்னால் இருந்த 9 உறுத்திக்கொண்டே இருந்தது. 9 என்றால் எதனால் என்று தெரியவில்லை. எதனால் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த எண்ணில் ரசாயனம் என்றால் 4. டாக்டரிடம் போய் நின்றேன். "தண்ணிய டெஸ்ட் பண்ணாம நான் எழுத மாட்டேன்" என்றார். நியாயம். பஸ்ஸில் அஞ்சலையக்காவிடம் சொன்னேன்.

"வுட்டுடு பாப்பா. எடம் கெடச்சிடுச்சி. நீ தண்ணின்னு எழுதுனா, கம்பெனி மேல எழுதுனாப்பல. மொதல்ல என்னத்தான் தூக்குவான்."

அதற்குள் மேனேஜர் போன் செய்தார். 692 என்றால் என்னவென்று கேட்டார். தோல் அழற்சி, தொற்றாது என்றார் முசே. மேனேஜர், "நீங்க யாரு, கிளார்க்கா? டாக்டர் யாராவது இருந்தாக் குடுங்க" என்றிருக்கிறார். முசே போனை வைத்தார். "கிளார்க்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அன்று அவர் ஒரு நெஃப் கூடப் போடவில்லை. சந்தேகம் வந்த சீட்டையெல்லாம் டாக்டர்களுக்கே திருப்பி அனுப்பினார்.

மழைக்காலம் முடிவதற்குள் அஞ்சலையக்காவால் வலது காலில் செருப்புப் போட முடியவில்லை. களிம்பு பூசிக் கொஞ்சம் ஆறும். மறுநாள் அதே கால்வாய் ஓரம் எட்டு மணி நேரம். கஷ்டப்பட்டு நாங்கள் காப்பாற்றிக் கொடுத்த இடம் அந்தக் கால்வாய் ஓரம்தான். பஸ்ஸில் நான் எழுந்து அவளுக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்தேன். சேதராப்பட்டுப் பக்கம் ஏதோ கம்பெனியில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் தருகிறார்களாம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இறங்குமுன் என் பக்கம் திரும்பினாள்.

"என் காலுக்கு நம்பர் போட்டது போதும். அந்தத் தண்ணிக்குப் போடு ஒரு நம்பரு."

"இடம் போயிடுமேக்கா?"

"காலு போனா எடத்துல எத வச்சி நிக்கறது? நாளைக்கு அந்தத் தண்ணிய எடுத்தாறேன். எங்க வூட்டுல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் காலி பிராந்தி பாட்டிலுக்கு வந்ததில்ல."

பாட்டில் கைக்கு வருமுன்பே மறுநாள் காலையில் கேட்டு வைக்கப் போனேன். அடுத்த தடை எங்கள் சோதனைக்கூடம். ஓ.பி. சீட்டு இல்லாமல் எந்தப் பாட்டிலையும் தொட மாட்டோம் என்றார்கள். நோயாளி யார் என்றார்கள். நான் என் மேசைக்கு வந்து ஒரு புதுச் சீட்டை எடுத்தேன். பெயர்: தண்ணீர். முகவரி: இறால் கம்பெனி, மேசைத் தலைப்பு, வலது பக்கக் கால்வாய். ஆணா பெண்ணா என்ற இடத்தில் கோடு. ஸ்டாம்ப் குத்தவில்லை. முசேயிடம் நீட்டினேன், கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன்.

கையை நீட்டிப் பிடித்து, முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசித்தார். ஆணியில் இருந்த கோட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு சிவப்பு முனையால் ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"வயசு எழுதல மத்முவாசேல். நாளைக்கு பேஷண்ட் வந்ததும் கேட்டு எழுதுங்க."